சுட்ட மீனும் தனித்த தட்டும்

மீனைச் சுட்டுண்ணும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. எயிற்பட்டினத்துப் பரதவர் தம்மிடம் வரும் பாணர்க்குப் பழந்தேறலோடு சுட்ட குழல்மீனையும் அளிப்பர் என்பதைச் சிறுபாணாற்றுப்படையிலே காண்கின்றோம். அந்தச் சூடு பசித்து வந்தவர்க்கு இடப்பட்ட உணவு. அதே பாட்டிற் சற்று முன்னர் அப்பாணரின் அட்டில் காட்டப்படுகின்றது. உப்பின்றி அவித்த வேளைக்கீரையைப் பிறர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தாரோடு கூடியிருந்து உண்கின்றாள் ஒருத்தி. அத்துணை வறுமையிலும் அவள் தனித்து உண்ணவில்லை.

இவ்விரு காட்சிகளையும் நான் சேர்த்து எண்ண நேர்ந்தது என் தமக்கையாரின் பொருட்டேயாகும். அவருக்கு நீரிழிவு கண்டது. உடல் நிறையைக் குறைக்க வேண்டும் என்றார் வைத்தியர். அவ்வறிவுரையிற் பிழையில்லை. ஆனால் அதை நிறைவேற்றும் வழியை எங்கள் வீட்டிற்குக் கொணர்ந்தவர் அயலவர் ஒருவர். சோறு, புட்டு, இடியப்பம், பாண், பழம் யாவும் விலக்கு; சுட்ட மீன், கணவாய், இறால், முட்டை, இலைவகை மட்டுமே உணவு என்று ஓர் அட்டவணையை அவர் தந்தார். அதன் பெயர் 'கீட்டோ' என்றார். உண்மையிற் கீட்டோ கொழுப்பு மிகுந்த உணவுமுறை, இது அதுவுமன்று. நாங்கள் புட்டும் சொதியுமாக உண்ணும் வேளையில் அவர் அடுக்களையின் ஒரு புறத்தே தமது தட்டோடு அமரத் தொடங்கினார்.

இத்தகைய அட்டவணைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. இலண்டனில் ஈமக் காரியங்களை நடத்தும் தொழிலினரான வில்லியம் பான்ரிங் என்பவர், 1862 ஓகஸ்டில் 202 இறாத்தல் நிறையினராயிருந்தார். பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தம் வைத்தியரின் சொற்படி குறைத்து, ஏறத்தாழ ஓராண்டில் 46 இறாத்தல் மெலிந்தார். அந்த அனுபவத்தை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். அவரது காலையுணவிலே தணலில் வாட்டிய மீனும் இடம்பெற்றிருந்தது. பகலில் கிளாறட் மதுவும் உண்டு. பரதவர் அளித்த தேறலை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். 1972இல் அற்கின்ஸ் எழுதிய நூலும் மாச்சத்தை விலக்குமாறே கூறிற்று. ஒரு நூற்றாண்டு இடைவெளியிலும் அடிப்படை பெரிதும் மாறவில்லை.

இவை பயன்தராதன என்று நான் கூறவில்லை. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேரை 12 மாதங்கள் அவதானித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தோர் சராசரியாக 5.3 கிலோவும் மாச்சத்தைக் குறைத்தோர் 6.0 கிலோவும் இழந்தனர். இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று என்பதே ஆய்வாளர் முடிபு. ஒவ்வொரு குழுவினுள்ளும் ஆளுக்காள் காணப்பட்ட வேறுபாடோ மிகப் பெரிது. அட்டவணையைத் தருவோர் இதனைச் சொல்வதில்லை.

மீனின் மேற் குற்றமில்லை என்பதையும் சொல்லல் வேண்டும். மீன்தசையில் இணைப்பிழையம் குறைவு. ஆதலின் அது விரைவில் வெந்துவிடும். சிரட்டைக்கரி சுவாலையடங்கிச் சாம்பல் பூக்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். விளைமீனின் ஈரத்தை ஒற்றியெடுத்து, இருபுறமும் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசலாம். தேசிக்காய்ப் புளியை முன்னரே ஊறவிட்டால் தசை இறுகும். இறுதியிற் பிழிவதே நன்று. கம்பிவலை நன்றாகச் சூடேறிய பின்னர் மீனை வைத்து ஒருமுறை மட்டும் புரட்டினால் தோல் ஒட்டாது. கணவாய்க்குச் சில நிமிடங்களே போதும். கடந்தால் இறப்பரை மெல்வது போலாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி தருவதாகையால், பொரிப்பதை விடுத்துச் சுடுவதன் இலாபம் வெளிப்படை.

ஆனால் இது எல்லார்க்கும் எளிதில் எட்டும் உணவன்று. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, சிறு படகுத் தொழிலாளர் பலர் கடலுக்குச் செல்ல இயலாது தவித்தனர். மீனும் சந்தையில் ஏறியது. நாள்தோறும் மூவேளையும் மீனுண்ணச் சொல்லும் அட்டவணை எவருடைய வருவாயை எண்ணி எழுதப்பட்டது?

மூன்றாம் வாரத்தில் ஓரிரவு தமக்கையார் வியர்த்துக் கை நடுங்கிச் சோர்ந்தார். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கியிருந்தார். மாச்சத்தையோ முற்றாக நிறுத்தியிருந்தார். சீனி கரைத்த தேநீர் குடித்த பின்னரே தெளிந்தார். அட்டவணையில் மாத்திரையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. மறுநாள் வைத்தியர் மாத்திரையின் அளவைத் திருத்தினார். தட்டில் அரைவாசி மரக்கறியும் இலையும், காற்பங்கு சோறு, காற்பங்கு மீன் என்று உணவுப் பங்கீட்டையும் விளக்கினார். "இதை வீட்டிலுள்ள எல்லாரும் உண்ணலாம்" என்றும் சொன்னார். தமக்கையாரின் முகம் மலர்ந்தது அந்த வார்த்தைக்குத்தான் என்பது என் துணிபு.

அவரது நிறை மெல்லவே குறைகின்றது. அயலவர் சொன்ன வேகம் இல்லை. சனிக்கிழமைகளில் தணலின் முன் அமர்பவர் அவரே. வெந்த மீனை முதலில் எவர் தட்டில் இடுவது என்று தீர்மானிப்பவரும் அவரே. அதில் அம்மாவின் சொல்லும் எடுபடுவதில்லை.