மென்மைக்கும் விசை வேண்டும்

மென்மையான பொருள் எளிதில் வழிந்தோடும் என்று நாம் எண்ணுகிறோம். பற்பசையைப் பாருங்கள். மூடியைத் திறந்து குழாயைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது கொட்டுவதில்லை. அழுத்தினால்தான் வெளியே வருகிறது. தண்ணீர் அப்படியன்று, சிறு சரிவு கிடைத்தாலே ஓடிவிடும்.

பற்பசை, தக்காளி சாஸ், இடியாப்ப மாவு ஆகியவற்றுக்கு ஒரு பொதுப்பண்பு உண்டு. அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டும்வரை அவை திடப்பொருளைப் போல அசையாமல் நிற்கும். தாண்டியதும் திரவத்தைப் போல நகரும். அமெரிக்க வேதியியல் அறிஞர் யூஜின் பிங்கம் இத்தகைய பொருள்களை ஆராய்ந்து, 1922ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார்.

ஆனால், இந்த உண்மையை எனக்கு உணர்த்தியவை என் அம்மாவின் கைகள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே இடியாப்பம்தான். அம்மாவுக்கு எழுபது வயது நெருங்கியபோது விரல் மூட்டுகளில் வலி தொடங்கியது. “இனிமேல் கடையிலேயே வாங்கிக்குவோம்மா,” என்று ஒருநாள் மெல்லச் சொன்னார். வலியைவிட, தம்மால் இனி இயலாது என்ற எண்ணமே அவரை வாட்டியது.

இவ்வளவு மென்மையான மாவைப் பிழிய ஏன் இத்தனை விசை தேவைப்படுகிறது? காரணம் துளையில் இருக்கிறது. குறுகிய துளைக்குள் நுழையும் மாவைச் சுற்றிலும் உள்ள சுவர் பிடித்து நிறுத்துகிறது. நடுவில் உள்ள மாவு கட்டியாகவே நகர, சுவரை ஒட்டிய மெல்லிய பகுதி மட்டுமே நெகிழ்ந்து வழிவிடுகிறது. ஒரே நீளமுள்ள துளையின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால், மாவை நகர்த்தத் தேவையான அழுத்தம் இரு மடங்காகிவிடும்.

காரணம் புரிந்ததும் வழியும் புலப்பட்டது. கொதிநீரைச் சற்றுக் கூடுதலாக ஊற்றி மாவைத் தளர்வாகப் பிசைந்தோம். ஆறினால் மாவு இறுகிவிடும் என்பதால் சூட்டோடு பிழிந்தோம். அச்சின் உட்புறத்தில் எண்ணெய் தடவினோம். துளைகள் சற்றுப் பெரியதாக உள்ள தட்டைப் பொருத்தினோம். கையால் அழுத்தும் அச்சுக்குப் பதிலாக, கைப்பிடியைச் சுற்றும் திருகு அச்சை வாங்கினோம். திருகு, சிறு விசையைப் பெரிதாக்கித் தரும் எளிய பொறியல்லவா? அம்மாவே கைப்பிடியைச் சுற்றினார். இழைகள் அறுபடாமல் இறங்கின.

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் மட்டும் வாழ்வதில்லை. ஒருவருக்கு எது கடினமாக இருக்கிறது, ஏன் கடினமாக இருக்கிறது என்று கேட்கும் இடத்திலெல்லாம் அது இருக்கிறது. வீட்டில் மூத்தவர் ஒருவர் ஒரு வேலையைக் கைவிடும்போது, “வயதாகிவிட்டது” என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள். அவர் விரும்பிய வேலையை அவர் கைகளுக்கே திருப்பித் தர முடியும்.