பெரும்பாடு

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஞாயிறு பள்ளியில் மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்குள் பின்னால் வந்து இயேசுவின் உடையைத் தொடுகிறாளே ஒரு ஸ்திரீ, அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாகப் ‘பெரும்பாடு’ என்று வேதத்தில் போட்டிருந்தது. “பெரும்பாடுன்னா என்ன டீச்சர்?” என்று கேட்டேன். டீச்சர் கல்யாணமாகாத அக்கா. புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே, “பெரிய கஷ்டம். ரொம்பக் கஷ்டம்” என்றார். எங்கள் வீட்டில் அப்போது ரொம்பக் கஷ்டம் என்றால் அது கடன்தான். அந்த அம்மாள் வட்டிக்காரனுக்குப் பயந்து கூட்டத்தில் ஒளிந்து வருகிறாள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதுகலை படிக்கும்போது அகராதியில் வேறு எதையோ தேடப்போய் இந்தச் சொல்லில் கண் பட்டது. பெரும்பாடு: மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தம் போகும் நோய். பழைய வைத்தியச் சொல். முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அது அடங்கிவிட்டது. அத்தனை வருஷமாக மேடையேறி ஆண்கள் இந்தச் சொல்லைச் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். கீழே தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த பெண்களில் எத்தனை பேருக்கு அது தங்கள் சங்கதி என்று தெரிந்திருக்கும்?

அந்தச் சொல்லுக்குள் நானே போய் விழுந்தது 2019இல், நாற்பத்து மூன்று வயதில். ஐந்து நாள் பத்தாகி, பதினெட்டாகி, பிறகு கணக்கே விட்டுப்போயிற்று. மனை மலிவாகக் கிடைத்த காலத்தில் வேப்பம்பட்டில் வாங்கிக் கட்டிய வீடு எங்களுடையது. கல்லூரி நகரத்துக்குள். அப்போது எங்கள் ஊர் மேம்பாலம் பாதியில் நின்றிருந்தது. தண்டவாளத்தைத் தாண்டி, கூட்டத்தில் நசுங்கி, பெண்கள் பெட்டியில் ஏறினால் திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி என்று ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு கணக்கு. இந்த நாப்கின் அம்பத்தூர் வரை தாங்குமா, வில்லிவாக்கம் வரை தாங்குமா? கறுப்பு, அடர்நீலம், அரக்கு என்று அந்த ஆறு மாதமும் மூன்று நிறச் சேலைகள்தான் கட்டினேன். “மேம், டார்க் கலர் உங்களுக்கு செமையா இருக்கு” என்றாள் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி.

வைத்தியர்களிடம் போகாமல் இல்லை. முதலாமவர் மாத்திரை தந்தார். இரண்டாமவர் சுரண்டிச் சுத்தம் செய்தார். மூன்றாமவர் ஸ்கேனைப் பார்த்து, “நார்க்கட்டி. குழந்தை பெத்தாச்சில்ல, எடுத்துடலாமே” என்றார், பழைய அலமாரியை வீட்டிலிருந்து எடுப்பதைப் போல. ஒரு வளையல் போனது. சம்பளமில்லா விடுப்பில் ஒரு மாதம் போனது. மாற்கு எழுதுகிறார்: அவள் பல வைத்தியர்களிடம் போய், கையிலிருந்ததையெல்லாம் செலவழித்து, முன்னைவிட மோசமானாள் என்று. லூக்காவும் இதே கதையைச் சொல்கிறார், ஆனால் வைத்தியர்களால் மோசமானாள் என்ற பகுதியை விட்டுவிடுகிறார். லூக்கா வைத்தியர் என்பது மரபு. தொழில் பாசம் போலும்!

எங்கள் சபைப் பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். அன்போடுதான் வந்தார்கள், ரசம் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஆனால் என் நோயின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. “சரீர பெலவீனம்” என்றே ஆண்டவரிடம் முறையிட்டார்கள், அவருக்கும் தெரியக் கூடாது என்பதைப் போல. போகும்போது மூத்த ஒருவர் என் கையைப் பிடித்து, “ஆபரேஷன் கீபரேஷன்னு போயிடாதம்மா. விசுவாசத்தோட தொட்டா போதும். அவ தொட்டா, சொகமானா” என்றார். அவர் போன பிறகு ரசம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அழுதேன். என் நோய்க்கு இப்போது காரணமும் கிடைத்துவிட்டது: நான் போதுமான அளவுக்கு நம்பவில்லை.

ஜூலையில் ஒரு காலை, ஆவடி தாண்டியதும் கண் இருட்டியது. விழித்தபோது பெட்டியின் தரையில் கிடந்தேன். அரக்குச் சேலையும் அன்று காப்பாற்றவில்லை. சுற்றிலும் கால்கள். பூக்கட்டும் அம்மா ஒருவர் கூடையைத் தள்ளிவைத்துவிட்டு, தன் தோளில் கிடந்த துண்டை என் இடுப்பில் சுற்றி முடிந்தார். அவர் கையெல்லாம் மல்லிகை வாசனையும் என் ரத்தமும். “இதுக்கு எதுக்குடி வெக்கப்படற? எல்லாருக்கும் வர்றதுதான்” என்று அதட்டினார். அம்பத்தூரில் இறக்கி, ஆட்டோ பிடித்து, என் கணவர் வரும்வரை கூடவே இருந்தார். அன்றைய வியாபாரம் அவருக்குப் போயிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம். வாய்க்கு வாய் ஆத்தா, ஆத்தா. வீட்டில் வந்து ஜெபித்தவர்களில் யாரும் தொடாத இடத்தில் என்னைத் தொட்டவர் அவர்தான்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.2. இதில் நான் தனி ஆள் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். நம் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருத்தி. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். யாருடையது என்று தெரியாது. பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அன்றிரவு நான் செய்ததை ஜெபம் என்று ஞாயிறு பள்ளியில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஸ்தோத்திரமும் இல்லை, பாவ அறிக்கையும் இல்லை. “பயமா இருக்குப்பா. பொண்ணு சின்னவ. எனக்கு ரத்தம் நிக்கல. உம்மேல கோவமா இருக்கு” என்று இருந்ததை இருந்தபடி சொன்னேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் பேசிக்கொண்டிருந்தபோது, கேட்கிற ஆள் இருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் விளக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது.

வீட்டில் படுத்திருந்த வாரங்களில் அந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் தொட்டதும் சுகமாகிவிட்டாள். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அவர்தான் விடாமல் திரும்பி, தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து, அத்தனை ஆண்களுக்கு நடுவில் நடந்தது முழுவதையும் சொல்லிவிடுகிறாள். பன்னிரண்டு வருஷ ரத்தத்தையும். லேவியராகமம் பதினைந்தாம் அதிகாரப்படி அவள் தொட்டதெல்லாம் தீட்டு. அவர் அந்தத் தீட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், ‘மகளே’ என்கிறார். வைத்தியர்களிடம் போனதற்காகவும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ரசம் கொண்டுவந்த அம்மாவுக்கு நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

இன்னொன்றும் அந்தப் படுக்கையில்தான் உறைத்தது. கிறித்தவத் தமிழில் இயேசுவின் சிலுவைத் துன்பத்துக்குப் பெயர் ‘பாடுகள்’. பெரிய வெள்ளிக்கு முந்தைய நாள்களைப் பாடுகளின் வாரம் என்கிறோம். அவருடைய ரத்தத்துக்கும் அவளுடைய ரத்தத்துக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. போதாததற்கு அவளுடையதைப் ‘பெரும்’ பாடு என்று வேறு சொல்லிவிட்டது. மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். வழக்கிலிருந்த நோய்ப்பெயரை எடுத்துப் போட்டிருப்பார்கள். புதிய மொழிபெயர்ப்பில் இரத்தப்போக்கு என்று தெளிவாக இருக்கிறது. டாக்டரிடம் நானும் அதைத்தான் சொன்னேன். கடவுளிடம் பேசும்போது எனக்குப் பழைய சொல்தான் வேண்டியிருந்தது.

என் முனைவர் பட்ட ஆய்வு பக்தி இலக்கியத்தில் பெண்கள் பற்றியது. காரைக்கால் அம்மையார் தசையை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டதை அதில் நாற்பது பக்கம் சிலாகித்து எழுதியிருக்கிறேன். இப்போது எழுதினால் ஒரு வரி சேர்ப்பேன்: எனக்குத் தசை வேண்டும். இந்த உடம்போடு, இது ஒழுகும்போதே, அவர் பக்கத்தில் போக வேண்டும். எங்கள் பக்கத்து ஊரான திருநின்றவூரில் பூசலார் நாயனார் பணமில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். காடவர்கோன் கச்சியில் எழுப்பிய கற்கோயிலுக்கு நாள் குறித்தபோது, சிவன் அன்று பூசலாரின் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார் என்பது பெரிய புராணக் கதை. ஆலயத்துக்குப் போக முடியாத ஞாயிறுகளில் ரயில் சத்தம் கேட்டபடி அவரை நினைத்துக்கொள்வேன். ஆனாலும் எனக்கு மனக்கோயில் மட்டும் போதவில்லை. காரணம் அம்மா.

அம்மா அந்த நாள்களில் திருவிருந்து வாங்க மாட்டாள். எந்த ஆயரும் அப்படிச் சொன்னதில்லை. பாட்டி வாங்கவில்லை, அதனால் அம்மா வாங்கவில்லை, அதனால் நானும். மற்றவர்கள் பீடத்துக்கு எழுந்து போகும்போது நாங்கள் குனிந்து பாமாலையில் எதையோ தேடுவோம். ஐந்து நாள் விலக்கு என்றால் சமாளித்துக்கொள்ளலாம். எனக்கு விலக்கு ஆறு மாதமாகத் தீரவில்லை. அந்தக் கணக்கில் ஆறு மாதமும் நான் கடவுளின் பந்தியில் இல்லை. “நீ எப்பம்மா கடைசியா யோசிச்சே, ஏன் வாங்கறதில்லன்னு?” என்று கேட்டேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. “எனக்கும் நாப்பத்தஞ்சுல இப்படித்தான் போச்சு. ரெண்டு வருஷம். யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு வருஷமும் வாங்கல” என்றாள். நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். எனக்குத் தெரியாது.

அறுவைக்கு நாள் குறித்த பிறகு வந்த முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை. நாப்கின் இரண்டு வைத்துக்கொண்டு போனேன். வரிசையில் நிற்கும்போது கால் நடுங்கியது. பலவீனமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முழங்காலிட்டபோது வழிவதை உணர்ந்தேன். எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆயர் கிண்ணத்தை நீட்டினார். அதில் இருப்பதை ரத்தம் என்றுதான் சொல்கிறோம். குடித்தேன். பக்கத்தில் யாரோ முழங்காலிடும் சத்தம். திரும்பாமலே அம்மா என்று தெரிந்தது. எழுபது வயது முட்டி மடங்கும் சத்தம் எனக்குத் தெரியும்.

எனக்கு அற்புதம் நடக்கவில்லை. மயக்க மருந்தும் கத்தியும் தையலும்தான் நடந்தன. நான்காவதாகப் பார்த்த டாக்டர் பெண்; எடுக்காமலிருக்க என்னென்ன வழி உண்டு, எனக்கு ஏன் அவை ஒத்துவராது என்று படம் போட்டு விளக்கினார். முடிவெடுக்க இரண்டு வாரம் தந்தார். ஓய்விலிருந்தபோது வேலூர் ஐடா ஸ்கடரைப் பற்றிப் படித்தேன். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு அப்பால் ஓடுவது 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் போன பாதை. காட்பாடிக்கும் வேலூருக்கும் இதிலேதான் போக வேண்டும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவத்தில் கிடக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க ஐடாவை அழைத்தார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அவர் அப்பா ஆண் என்பதால் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறுவருஷம் திரும்பி வந்தார். 1918இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆண்களைச் சேர்த்தது 1947இல்தான். இதை எப்போதும் ஐடாவுக்கு வந்த தேவ அழைப்பின் கதையாகவே பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். தொடக் கூடாது என்பதால் செத்துப்போன அந்த மூவரின் பெயர் நான் படித்த எதிலும் இல்லை. பெரும்பாடுள்ளவளுக்கும் சுவிசேஷத்தில் பெயரில்லை.

“மேம், பெண்ணியமும் பேசறீங்க, சர்ச்சுக்கும் போறீங்களே?” என்று மாணவிகள் கேட்பதுண்டு. லேவியராகமத்தின் அந்த அதிகாரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அதை முதலில் மீறியவள் நான் இல்லை. அவளைப் பின்தொடர்ந்துதான் போகிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஆலயத்துக்கு நன்றிக் காணிக்கை கொண்டுபோனேன். எங்கள் சபையில் உறையின் மேல் காரணத்தை எழுதிக் கொடுத்தால் ஆராதனையில் வாசிப்பார்கள். நான் எழுதியிருந்தது: ‘பெரும்பாடு நீங்கியதற்காக’. செயலர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரீர சுகத்துக்காகன்னு போட்டுக்கலாமாம்மா?”

“வேதத்துல இருக்கிற வார்த்தைதானே அண்ணே.”

அவருக்குப் பதில் இல்லை. ஆயர் தடங்கலில்லாமல் வாசித்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். ரசம் கொண்டுவந்தவர்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “எம் மருமகளுக்கு மூணு வருஷமா இருக்கு. வெளிய சொல்ல மாட்டேங்குது. அந்த டாக்டரம்மா பேரு என்ன?” என்றார். ஆராதனைத் தாளின் பின்புறத்தில் பெயரையும் நம்பரையும் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.