கோழிச்சூடன்

வெம்பிளியில் எங்கள் வீட்டுப் பின்வளவில், குருவிகளுக்குத் தீன் தொங்கவிடுகிற இடத்துக்குக் கீழே, ஜூன் மாதம் நாற்றுப் போல ஏதோ முளைத்தது. நெல்லென்றே நினைத்தேன். "லண்டனில நெல்லோ?" என்று மனிசி சிரித்தா.

அம்மா காட்டித் தந்த மாதிரிப் பார்த்தேன். இலை தண்டோடு சேருகிற மூட்டில் நெல்லுக்கு மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். இதில் ஒன்றுமில்லை, வழுவழுப்பு. கோழிச்சூடனேதான்! தீனோடு விதை வந்திருக்கிறது. லத்தீன் பெயரிலும் கோழி இருக்கிறது: எக்கினோகுளோவா குரூஸ்-கல்லி, சேவற்கால். நாங்கள் கொண்டையைக் கண்டோம், அவர்கள் காலைக் கண்டிருக்கிறார்கள்.

ஊரில் என்றால் அம்மா விடமாட்டா. விதை கொட்டமுன் பிடுங்கவேணும் என்பா. 1995 ஒக்ரோபர் 30 நாங்கள் வலிகாமத்தை விட்டு நடந்தபோது காலபோகத்துக்கு விதைத்த வயல் அப்படியே கிடந்தது. களை பிடுங்க ஒருவருமில்லை. "வயல் முழுக்கக் கோழிச்சூடன்தான் நிண்டிருக்கும்" என்று சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தா.

பிடுங்க மனம் வரவில்லை. பூச்சாடியில் மாற்றி நட்டேன். ஓகஸ்டில் ஊதா நிறத்தில் கதிர் வந்தது. கொட்டமுன் கத்தரித்து, விதையைக் கடதாசிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

"களையை ஆரும் விதைக்கு எடுத்து வைப்பினமோ?" என்கிறா மனிசி. மே மாதம் குளிர் விட்டபிறகு போடவேணும்.