பறிக்காத பூவும் பூசைக்கு ஆகும்

திருக்குற்றாலம் என்றவுடன் அருவிதான் நினைவுக்கு வரும். ஆனி பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரத் தொடங்கியதும், தமிழகத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் அன்பர்கள் இங்கு வந்து நீராடுகின்றனர். குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் வணங்கி ஊர் திரும்புகின்றனர். அவ்வாறு வருவோரில் பலர் காணாமலேயே செல்லும் செல்வம் ஒன்று இத்தலத்தில் உண்டு. சாலையோரங்களிலும் தோப்பு வேலிகளிலும் மாதந்தோறும் மாறி மாறிப் பூக்கும் மலர்களே அச்செல்வம். இரண்டு நாள் தங்கிச் செல்வோருக்கு அதில் ஒரு துளியே கிட்டும். ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்ந்து, நாள்தோறும் ஒரே வழியில் நடந்து வரும் மூத்தோருக்கே அது முழுமையாகக் கிடைக்கிறது.

பேரருவியிலிருந்து ஐந்தருவி ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ளது. ஒரே நீர்ப்பெருக்கு பாறையில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுவதால் இப்பெயர் அமைந்தது. அருவியருகே சாஸ்தாவுக்கும் முருகப்பெருமானுக்கும் கோயில்கள் உள்ளன. இச்சாலையின் முழுத் தொலைவையும் நடப்பவர் சிலரே. பலர் தம் வீட்டிலிருந்து அரை மைல் நடந்து, ஏதேனும் ஒரு மரத்தடியில் சிறிது நின்று திரும்புவர். மேனி நலத்துக்காக மருத்துவர் சொன்ன நடைதான் அது. ஆயினும் சில மாதங்களில் அது வேறொன்றாக மாறிவிடுகிறது. முதலில் காலடிகளை எண்ணியவர், பின்னர் மொட்டுகளை எண்ணத் தொடங்குகிறார்.

பூக்கள் சொல்லும் பஞ்சாங்கம்

சித்திரையில் கொன்றை பூக்கிறது. இலைகளை உதிர்த்து வெறுங்கிளைகளாய் நின்ற மரம், சில நாட்களில் பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடுகிறது. சிவபெருமான் முடியில் சூடும் மலர் இதுவே. அதே பருவத்தில் வேம்பும் பூக்கிறது. பங்குனியிலேயே பூக்கத் தொடங்கும் புங்க மரத்தின் அடியில் பொரி சிதறியது போல வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்கள் கிடக்கும். சித்ரா பௌர்ணமியன்று பேரருவிக்கு மேலே மலையில் உள்ள செண்பகாதேவி அம்மனுக்கு விழா நடைபெறுகிறது. செண்பக மரங்களால் பெயர் பெற்ற இடம் அது. மலையேற இயலாத மூத்தோர் கீழிருந்தே அத்திசை நோக்கிக் கைகூப்புகின்றனர்.

ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் சாரல் மாதங்கள். வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் அந்நாட்களில் தரையோடு வளரும் செடிகளுக்கு வாழ்வு வருகிறது. சிவபூசைக்கு உகந்த தும்பை, வரப்புகளில் வெண்புள்ளிகளாய்ப் பூக்கிறது. வேலிகளில் நீலநிறச் சங்குப்பூ ஏறுகிறது. புதர்களின் நடுவே செங்காந்தள் தலைகாட்டுகிறது. முதலில் பச்சையாக விரியும் அதன் இதழ்கள் நாளடைவில் மஞ்சளாகி, பின்னர் தீயின் செந்நிறம் கொள்கின்றன. ஒரே நாள் பார்ப்பவருக்கு அது ஒரு நிறப் பூ. நாள்தோறும் பார்ப்பவருக்கோ அது பல நிறப் பூ. முருகனுக்குரிய மலராகச் சங்க நூல்கள் போற்றும் காந்தளே இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப் பூ என்றும் இதனை வழங்குவர்.

மழைக்காலத்தின் பிற்பகுதியில் பவளமல்லி பூக்கிறது. இரவில் மலர்ந்து விடியுமுன் உதிர்ந்துவிடும் இயல்புடையது இது. தரையில் விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்பது பொதுவிதி. பவளமல்லிக்கு மட்டும் அவ்விதியிலிருந்து மரபு விலக்கு அளித்துள்ளது. மகிழம்பூவும் உதிர்ந்தபின் மணப்பதே. வாடிக் காய்ந்த பின்னும் அதன் மணம் நீங்குவதில்லை.

கார்த்திகையிலும் மார்கழியிலும் ஐயப்ப பக்தர்கள் ஐந்தருவியில் நீராடிச் செல்கின்றனர். மார்கழி விடியலில் வாசற்கோலத்தின் நடுவே பூசணிப்பூ அமர்கிறது. தையில் வறண்ட நிலத்து ஆவிரை பொன்னாய்ப் பூக்க, தோப்புகளில் மாமரம் பூவெடுக்கிறது. மாசியில் இலவமரம் இலையின்றிச் செம்மலர்களைத் தாங்கி நிற்கிறது. மீண்டும் பங்குனி; மீண்டும் புங்கு. ஆண்டுகள் ஓடுகின்றன என்ற கவலை முதுமைக்கு இயல்பு. இவ்வழியில் நடப்பவருக்கோ ஆண்டு ஓடுவதில்லை, சுற்றி வருகிறது.

கை எட்டாத நாள்

ஆயினும் இம்மூத்தோர் பலரின் நெஞ்சில் ஒரு குறை உண்டு. இளமை முதல் விடியற்காலையில் நீராடி, பூக்குடலையுடன் சென்று, தம் கையாலேயே பூப்பறித்துப் பூசை செய்தவர்கள் இவர்கள். இன்று தோள் உயர்வதில்லை. முழங்கால் மடங்குவதில்லை. கண்ணில் புரை படர்ந்தபின், கிளையில் இருப்பது மொட்டா மலரா என்பதும் தெளிவாகத் தெரிவதில்லை. மகனோ மருமகளோ கடையிலிருந்து பூ வாங்கி வைக்கின்றனர். பூசை நடக்கிறது; மனம் நிறைவதில்லை. பறித்துச் சாத்தும் பேறு போய்விட்டதே, இனி நம் வழிபாடு குறைப்பட்டதுதானோ என்ற ஐயம் எழுகிறது. இது சிறிய வருத்தம் அன்று. ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஒருவரைத் தாங்கிய நித்திய கடமை கைநழுவும் துயரம் அது.

இவ்வையத்துக்கு நம் சமயத்தின் பெரியோர் வரலாறுகளிலேயே விடை இருக்கிறது.

தில்லையில் வாழ்ந்த வியாக்கிரபாத முனிவர், வண்டு தீண்டுமுன் பூப்பறிக்க விரும்பினார். இருளில் பனியால் வழுக்கும் மரங்களில் ஏறுவதற்காக, இறைவனிடம் புலியின் காலும் நகமும் வேண்டிப் பெற்றார். புலிக்கால் முனிவர் எனப் பெயரும் பெற்றார். தொண்டின் வேகத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கருவூரில் வாழ்ந்த சிவகாமியாண்டாரோ மூப்படைந்தவர். ஆனிலை ஈசனுக்குப் பூக்குடலை சுமந்து வந்த அவரது மலர்களைப் பட்டத்து யானை பறித்துச் சிதறியது. பின்தொடர்ந்து ஓடிய அடியார், முதுமையால் இயலாது தரையில் விழுந்து கதறினார். எறிபத்த நாயனார் மழுவோடு வந்ததும், புகழ்ச்சோழர் தம் வாளை நீட்டியதும், முடிவில் இறையருளால் குடலையில் பூக்கள் மீண்டும் நிறைந்ததும் பெரியபுராணம் கூறும் வரலாறு. அந்நூலைப் படிக்கும் மூத்தோர் யானையை விட, ஓட முடியாமல் விழுந்த அம்முதியவரையே நினைப்பர். உடல் தளர்ந்தவரின் அழுகை அங்கே இறைவன் செவியில் விழுந்தது.

மூன்றாமவர் ஆனாய நாயனார். மழநாட்டுத் திருமங்கலத்தில் ஆநிரை மேய்த்த இவர், கார்காலத்தில் பூத்துக் குலுங்கிய ஒரு கொன்றை மரத்தைக் கண்டார். சரம் சரமாய்த் தொங்கிய பூக்களுடன் நின்ற அம்மரம், கொன்றை மாலை சூடிய சிவபெருமானாகவே அவருக்குத் தோன்றியது. அப்படியே நின்றார், உருகினார், வேய்ங்குழலில் திருவைந்தெழுத்தை இசைத்தார். மேய்ந்த பசுக்கள் அசையாது நின்றன. இறைவன் எழுந்தருளி ஆட்கொண்டான். இந்த வரலாற்றில் நாயனார் கொன்றை பறித்து அருச்சித்ததாக இல்லை. பூத்த மரத்தைக் கண்ட காட்சியே பூசையாயிற்று.

தாயுமான சுவாமிகள் இன்னும் ஒரு படி மேலே சென்றார். காணும் மலரிலும் இறைவன் இருப்பதால், பனி தோய்ந்த அம்மலரைப் பறிக்கத் தமக்கு மனம் வரவில்லை என்று அவர் பாடியுள்ளார்.

இதனால் பூப்பறிக்கும் தொண்டு தாழ்ந்தது என்று கொள்ளலாகாது. திருக்கோயில்களில் நாள்தோறும் மாலை சாத்த மலர் வேண்டும். அதைப் பறிப்பவரும் தொடுப்பவரும் வேண்டும். கால் உள்ளபோது புலிக்கால் முனிவரின் வழி. கால் தளர்ந்தபோது ஆனாயரின் வழி. இரண்டையும் நம் முன்னோர் ஏற்றனர். பறிக்க இயலாத நாளில் பூசை முடிந்துவிடுவதில்லை. அது கையிலிருந்து கண்ணுக்கு இடம் மாறுகிறது.

உள்ளே பூக்கும் எட்டு மலர்கள்

சைவ மரபில் புறப்பூசைக்கு எட்டு மலர்கள் இருப்பது போல, அகப்பூசைக்கும் எட்டு மலர்கள் உண்டு. கொல்லாமை, ஐம்பொறி அடக்கம், பொறுமை, இரக்கம், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்பன அவை. ஐந்தருவிச் சாலையில் நடக்கும் ஒருவர், வேலியில் பூத்த காந்தளைப் பறிக்காமல் பார்த்து நகர்ந்தால், அங்கே கொல்லாமை பூக்கிறது. மொட்டு விரிய மூன்று நாள் காத்திருந்தால் பொறுமை பூக்கிறது. அயலார் தோட்டத்துச் செம்பருத்தி மதிலுக்கு வெளியே நீண்டிருந்தும் கைநீட்டாமல் சென்றால் பொறியடக்கம் பூக்கிறது. நூலில் படித்த எட்டு மலர்களை நடையில் காணும் வாய்ப்பு இது.

மரத்தையே இறைவனாகக் காணும் நோக்கு இத்தலத்துக்குப் புதிதன்று. இங்குள்ள தலமரமாகிய குறும்பலாவுக்கென்றே திருஞானசம்பந்தர் தனிப் பதிகம் அருளியுள்ளார். குற்றாலநாதரைப் பாடியதோடு அமையாமல், அவர் உறையும் மரத்தையும் பாடினார். குறும்பலாவை வணங்கிய பின் சாலைக்கு வருபவர், மற்ற மரங்களையும் வெறும் மரங்களாகப் பார்க்க இயலாது.

முதுமையைக் குற்றாலத்தில் கழிப்பதிலும் ஒரு சான்றோர் வழி இருக்கிறது. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், இந்து அறநிலையக் குழுவில் ஆணையராகப் பணியாற்றியவர். பிற்காலத்தில் குற்றாலத்தையே தம் இருப்பிடமாகக் கொண்டு, 1954-இல் மறையும்வரை கம்பன் கவியையும் மலைச்சாரலையும் சுவைத்து வாழ்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தனர். பணி ஓய்ந்த பின் வாழ்வு சுருங்க வேண்டியதில்லை என்பதற்கு அவரது இல்லம் சான்றாக விளங்கியது. கடல் கடந்த நாடுகளிலும் இவ்வுணர்வு உண்டு. ஜப்பானியர் இளவேனிலில் குடும்பத்துடன் சென்று, பூத்த செர்ரி மரங்களின் கீழ் அமர்ந்து, பார்ப்பதையே விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

பேரப்பிள்ளைகளோடு நடக்கையில்

விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வரும்போது, இந்நடை கதை சொல்லும் நடையாகிறது. கொன்றையின் கீழ் ஆனாயரையும், காந்தளின் அருகே முருகனையும், பவளமல்லியின் அடியில் கண்ணன் பாரிசாதம் கொணர்ந்த கதையையும் சொல்லலாம். காலையில் மஞ்சளாகப் பூத்த பூவரசம்பூ பின்னர் சிவந்து வாடுவதை இரு வேளையும் காட்டலாம். அத்துடன் ஓர் எச்சரிக்கையும் தேவை. காந்தளின் கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. வாதநோய்க்கான மருந்து செய்வதற்காகவே அவ்விதைகளைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கின்றனர். அரளியும் நஞ்சே. பார்க்கலாம், வாயில் வைக்கலாகாது என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சாரல் நாட்களில் பாசி படர்ந்த கல்லும் படியும் வழுக்கும். குடையுடன் ஊன்றுகோலும் இருத்தல் நலம். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகள் விடா. மலையில் கனமழை பெய்தால் அருவியில் நீராடத் தடை விதிக்கப்படும், அத்தடையை மீறலாகாது. அன்றைக்கும் வீட்டருகே தும்பை பூத்திருக்கும். அருவி மறுக்கப்பட்ட நாளிலும் பூவின் தரிசனம் மறுக்கப்படுவதில்லை.

கையில் குடலை இல்லாமல், பறித்த பூ ஒன்றும் இல்லாமல் வீடு திரும்பும் முதியவர், விளக்கேற்றிப் பூசையில் அமர்ந்து கண்மூடினால், அன்று கண்ட கொன்றை அங்கே வந்து நிற்கும். அதை அப்படியே குற்றாலநாதர் திருவடியில் சாத்தலாம். அப்பூ வாடுவதில்லை, மரத்திலும் குறைவதில்லை.

செல்லும் வழி: தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ளது, பேருந்து வசதி உண்டு. பேரருவியை ஒட்டியே குற்றாலநாதர் திருக்கோயில் அமைந்துள்ளது. ஐந்தருவிக்கு அருகில் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. சாரல் விழாவையொட்டி அங்கு மலர்க் கண்காட்சி நடைபெறுவதும் உண்டு. மூத்தோர் விடியற்காலையில் நடந்து, வெயில் ஏறுமுன் திருக்கோயில் தரிசனத்துக்குச் செல்வது ஏற்றது.