தொட்டிக்குக் கீழே ஓர் ஒழுக்கு

உங்கள் வீட்டுக் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டி இருக்கும். அதன் கீழே ஒரு சின்ன அலுமாரியும் இருக்கும். அதைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறீர்களா? சவர்க்காரப் போத்தல், குப்பைப் பை, பழைய துணி எல்லாவற்றுக்கும் பின்னால் வளைந்த குழாய் ஒன்று தெரியும். அது தொட்டியில் இருந்து நேராகக் கீழே இறங்கும். பிறகு வளைந்து மேலே ஏறும். அதன் பிறகுதான் சுவருக்குள் போகும். அந்த வளைவு பார்ப்பதற்கு நம்முடைய ‘ப’ எழுத்தைப் போலவே இருக்கும்.

ஏன் இந்த வளைவு? தண்ணீர் நேராக ஓடிப் போனால் நல்லதுதானே?

தண்ணீர் முழுவதும் ஓடிப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வளைவு. ஒவ்வொரு முறையும் கடைசியாக ஊற்றிய தண்ணீர் கொஞ்சம் அந்த வளைவில் தங்கி நிற்கும். குழாயின் மற்ற முனை நகரத்தின் கழிவுநீர்க் குழாயோடு சேர்கிறது. அங்கிருந்து கெட்ட மணமும் வாயுவும் மேலே வரப் பார்க்கும். வளைவில் நிற்கும் தண்ணீர் ஒரு கதவைப் போல அதைத் தடுக்கும். கை கழுவும் தொட்டியிலும் கழிவறையிலும் இதே வேலை நடக்கிறது. 1775ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கமிங் என்பவர் இப்படி வளைந்த குழாய் உள்ள கழிவறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் இலண்டனில் வேலை செய்த ஒரு மணிக்கூட்டுத் தொழிலாளி!

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறோம். நான் நாலு வயதில் இங்கே வந்தேன். பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் எல்லாம் இங்கேதான். கணினிக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. எங்களோடு என் அப்பாவும் இருக்கிறார். என் மகனுக்கு அவர் அம்மப்பா. யாழ்ப்பாணத்தில் இருந்தபோது அப்பா தோட்டக் கிணறுகளில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்தினார். எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் அவர்தான் திருத்துவார்.

ஆனால் இரண்டு வருடமாக அவருடைய கைகள் நடுங்குகின்றன. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். திருத்துகிற வேலையை விட்ட பிறகு, அவர் பேசுவதும் குறைந்துபோனது. மகன் பள்ளிக்கூடத்தால் வந்து ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லுவான். அப்பா “ஓம், ஓம்” என்பார். அவ்வளவுதான். ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. அது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தொட்டிக்குக் கீழே உள்ள பலகை நனைந்திருந்தது.

“அம்மா, தண்ணி ஒழுகுது!” என்று மகன் கத்தினான்.

அப்பா உடனே எழுந்து வந்தார். “தள்ளு பிள்ளை, நான் பாக்கிறன்” என்று குனிந்தார். அலுமாரிக் கதவைப் பிடித்த அவருடைய கை நடுங்கியது. கதவும் சேர்ந்து டக டக என்று ஆடியது. நான் என்ன சொல்வது? “வேண்டாம் அப்பா” என்று சொன்னால் அவருக்கு மனம் நோகும். சொல்லாமல் விட்டால் அவர் தரையில் படுத்து உள்ளே போய்விடுவார்.

அப்பா தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி பிள்ளை, நீ உள்ளுக்குப் போ. நான் சொல்லுறன். தம்பி, நீ ரோச் லைற்றைப் பிடி.”

முதல் வேலை, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது. என் வேலையிலும் இப்படித்தான். பிழையைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். பிழை எங்கே இருக்கிறது என்று தேடத்தான் நாள் முழுக்கப் போகும். அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். குழாயைத் துணியால் நன்றாகத் துடைத்தோம். குழாய்கள் சேரும் மூன்று மூட்டுகளிலும் ரிசு பேப்பரைச் சுற்றினோம். மகன் தொட்டியில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினான்.

“கீழ் மூட்டு நனைஞ்சிட்டுது, அம்மப்பா!” என்றான்.

“அவசரப்படாத. தண்ணி மேலயிருந்து கீழதான் ஓடும். நனைஞ்ச இடம் வேற, ஒழுகிற இடம் வேற. மேல் மூட்டை வடிவாப் பார்.”

மகன் வெளிச்சத்தை மேலே அடித்தான். மேல் மூட்டில் இருந்த பேப்பரும் ஒரு பக்கம் நனைந்திருந்தது. அங்கிருந்துதான் தண்ணீர் குழாயோடு ஒட்டிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது.

“இந்தக் குழாய்க்கு ஒழுக்கு இருக்கு, ஒழுக்கம் இல்லை” என்றார் அப்பா.

மகனுக்கு விளங்கவில்லை. அப்பா விளக்கினார். ‘ஒழுகு’ என்ற சொல்லுக்குத் தண்ணீர் கசிவது என்றும் பொருள் உண்டு, நடந்துகொள்வது என்றும் பொருள் உண்டு. முதலாவதில் இருந்து ‘ஒழுக்கு’ வந்தது. இரண்டாவதில் இருந்து ‘ஒழுக்கம்’ வந்தது. திருக்குறளில் ஒழுக்கம் உடைமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. எனக்கும் இது அன்றைக்குத்தான் தெரியும்!

இரண்டாவது வேலை, குழாயைக் கழற்றுவது. குழாய்க்குக் கீழே வாளியை வைத்தோம். தண்ணீர் வரும் பைப்பைத் திறக்காமல் இருந்தால் போதும். கழிவுக் குழாயில் தண்ணீர் தானாகத்தான் கீழே ஓடுகிறது. அதை எதுவும் பின்னால் இருந்து தள்ளுவதில்லை.

“நட்டை எந்தப் பக்கம் சுத்திறது அப்பா?” என்று கேட்டேன்.

“நல்லூர்க் கோயிலை எந்தப் பக்கமாச் சுத்தி வாறனாங்கள்? வலப் பக்கம் எல்லோ? அதை மேல, கோபுரத்தில இருந்து ஒராள் பாக்கிறார் எண்டு நினை. அப்பிடிச் சுத்தினால் நட்டு இறுகும். எதிர்ப் பக்கம் சுத்தினால் கழரும்.”

நான் முதுகு தரையில் பட மல்லாந்து படுத்திருந்தேன். மகன் தன் கைவிரலைக் காற்றில் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மேலே இருந்து பார்த்தான். பிறகு குனிந்து கீழே இருந்து பார்த்தான்.

“அம்மப்பா, அம்மா கீழ இருந்து பாக்கிறா. அப்ப அவவுக்கு எல்லாம் மாறித் தெரியும். என்ன?”

“ஓம் ராசா! அதுதான் சரி” என்று அப்பா தொடையில் தட்டினார்.

நட்டு கையால் அசையவில்லை. துணியைச் சுற்றி, குறட்டால் மெதுவாகப் பிடித்துத் திருப்பினேன். வளைவில் நின்ற கறுப்புத் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. சோற்றுப் பருக்கை, கடுகு, மீன் செதில் எல்லாம் அதில் இருந்தன. மகன் மூக்கைப் பொத்திக்கொண்டான். “ஊரில குசினித் தண்ணி வாழைக்குப் போகும். அங்க பாத்திரம் தேய்க்கிறது சாம்பலும் தும்பும். வாழை நல்லாக் குலை போடும்” என்றார் அப்பா. “எத்தினை வாழை நிண்டது?” என்று மகன் கேட்டான். அவன் தன் அம்மப்பாவிடம் ஊரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

நட்டுக்குள் இருந்த றப்பர் வளையத்தை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் அதை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். “காய்ஞ்சு போச்சு. ஒரு பக்கம் வெடிச்சும் இருக்கு. இவன்தான் கள்ளன்.”

மூன்று பேரும் கடைக்குப் போனோம். பழைய வளையத்தையும் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா சொன்னார். அது நல்ல யோசனை. இங்கே குசினித் தொட்டிக் குழாய் பெரும்பாலும் 1½ அங்குலம். கை கழுவும் தொட்டிக் குழாய் 1¼ அங்குலம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

கடைக்காரர் வளையத்தோடு, மரையில் சுற்றும் வெள்ளை நாடா ஒன்றையும் எடுத்துத் தந்தார். அப்பா தலையை ஆட்டினார்.

“தம்பி, அவருக்குச் சொல்லு. இந்த மூட்டில தண்ணியை மறிக்கிறது மரை இல்லை, வளையம். நாடா தேவையில்லை.”

“மரை எண்டால் என்ன, அம்மப்பா?”

அப்பா நட்டின் உள்பக்கத்தைக் காட்டினார். மகன் அந்தச் சுற்றுக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கடைக்காரருக்குச் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டு நாடாவைத் திரும்ப வைத்தார்.

மூன்றாவது வேலை, பூட்டுவது. வளையத்தின் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். அந்தப் பக்கம் வளைந்த குழாயின் வாய்க்குள் இறங்க வேண்டும். நட்டைக் கையால் இறுக்கினேன். பிறகு குறட்டால் கால் சுற்று மட்டும்.

“காணும், காணும்! கூட இறுக்கினால் நல்லது எண்டில்லை. பிளாஸ்ரிக் வெடிச்சிடும்.”

கடைசி வேலை, சோதிப்பது. மூட்டுகளில் புது ரிசு பேப்பர் சுற்றினோம். தொட்டியை அடைத்து நிறையத் தண்ணீர் பிடித்தோம். பிறகு அடைப்பை ஒரேயடியாகத் திறந்தோம். அப்போதுதான் பைப்பில் வருவதை விடக் கூடுதலான தண்ணீர் ஒன்றாகப் பாயும். மகன் உள்ளே எட்டிப் பார்த்தான். பேப்பர் நனையவில்லை. “இன்னும் ஒரு மணித்தியாலம் கழிச்சும் பார்” என்றார் அப்பா. அப்போதும் நனையவில்லை.

அப்பாவின் கைநடுக்கம் இன்னும் இருக்கிறது. அது மருந்தால் கொஞ்சம் குறையும், கொஞ்சம் கூடும். ஆனால் மகன் இப்போது சைக்கிள் சங்கிலி, கதவுப் பிடி, உடைந்த விளையாட்டுக் கார் என்று ஒவ்வொன்றாக அவரிடம் கொண்டுபோகிறான். ஒருநாள், “இந்த வளையத்துக்குச் சரியான தமிழ்ப் பெயர் என்ன, அம்மப்பா?” என்று கேட்டான். அப்பா யோசித்தார். “நாங்கள் ஊரிலயும் அதை வாசர் எண்டுதான் சொன்னனாங்கள்” என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிள்ளைகளே, நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் சில விடயங்களை மறக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் இல்லாமல் குழாயைக் கழற்றக் கூடாது. அடைப்பு எடுக்கும் மருந்து ஊற்றியிருந்தால் தொடவே கூடாது. அது கையையும் கண்ணையும் எரித்துவிடும். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது குளிர்ந்து கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். கழற்றும் முன்பு ஒரு படம் எடுத்து வைத்தால், எது எங்கே இருந்தது என்று பூட்டும்போது தெரியும். உங்கள் வீட்டில் அம்மப்பாவோ அப்பப்பாவோ அம்மம்மாவோ இருந்தால், அவர்களுக்கும் ஒரு கதிரை போடுங்கள்.

சொல் அறிவோம்

ஒழுக்கு – தண்ணீர் கசிந்து வழிதல்
மூட்டு – இரண்டு பகுதிகள் சேரும் இடம்
மரை – நட்டிலும் திருகாணியிலும் உள்ள சுற்றுக் கோடு
குறடு – இறுக்கிப் பிடிக்க உதவும் இரும்புக் கருவி
கதிரை – நாற்காலி
தும்பு – தேங்காய் மட்டையில் இருந்து எடுக்கும் நார்

பேசுவோம், எழுதுவோம்

1. குழாயின் வளைவில் தண்ணீர் ஏன் தங்கி நிற்க வேண்டும்?
2. “நனைஞ்ச இடம் வேற, ஒழுகிற இடம் வேற” என்று அம்மப்பா ஏன் சொன்னார்?
3. அம்மாவுக்கு நட்டைச் சுற்றும் பக்கம் ஏன் மாறித் தெரிந்தது? கையால் செய்து காட்டுங்கள்.
4. அம்மப்பா ஏன் கதிரையில் உட்கார்ந்தார்? அப்போது அவர் மனதில் என்ன இருந்திருக்கும்?
5. அம்மப்பா பேசிய மூன்று வசனங்களை எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுங்கள்.
6. உங்கள் வீட்டில் உள்ள ஒரு கருவியின் பெயரை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வந்து, வகுப்பில் சொல்லுங்கள்.