வாடகை நிழலும் பொதுக் கரையும்

உழைப்பவர்க்கு ஓய்வு வேண்டும் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வோய்வை எங்கே பெறுவது, எவ்வளவு பொருள் கொடுத்துப் பெறுவது, பிறர்க்கு இடையூறின்றி எவ்வாறு பெறுவது என்பனவே குடும்பம் நடத்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்திகளாகும்.

மேலை நாடுகளில் உல்லாசக் கப்பல்களில் செல்வோர் இடையிலே ஒரு தீவில் இறங்கிச் சில மணி நேரம் கடலாடிவிட்டுக் கப்பலுக்கு மீள்வது வழக்கம். 1977-ஆம் ஆண்டில் ஒரு கப்பல் நிறுவனம் பகாமாஸ் நாட்டைச் சேர்ந்த கிரேட் ஸ்டிரப் கே என்னும் சிறு தீவைத் தன் பயணிகளுக்கென ஒதுக்கிக்கொண்டது. 1986-இல் மற்றொரு நிறுவனம் ஹெயிட்டி நாட்டின் லபாடி கடற்கரையைக் குத்தகைக்கு எடுத்தது. இத்தகைய இடங்களில் ‘கபானா’ எனப்படும் குடில்கள் உண்டு. கூரையும் சாய்வு நாற்காலிகளும் ஏவல் கேட்கும் பணியாளும் அமைந்த அக்குடிலுக்குக் கப்பல் கட்டணம் போக வேறு வாடகை உண்டு. பயணத்துக்கு ஒரு விலை, நிழலுக்கு ஒரு விலை!

கடல் கடந்து செல்லும் வசதி நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இல்லை. ஆயினும் அந்த ஆசையின் சிறிய வடிவம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கின்றது. நெய்யாறு கடலிற் கலக்கும் பூவாற்றில் படகை வாடகைக்கு அமர்த்திக் காயலில் உலா வந்து, மணல் திட்டில் இறங்கி, விரும்பினால் கரையோரக் குடில் ஒன்றையும் சில மணி நேரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். “சென்று வரலாமா? பணத்துக்குத் தக்க பயன் உண்டா?” என்று அன்பர்கள் சிலர் எங்களைக் கேட்டதுண்டு. புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தர் பணி புரியும் நாங்கள் மூவர் குடும்பத்தோடு ஒரு ஞாயிறன்று சென்று கண்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

செல்லும் வழி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் இருப்புப் பாதை 1979-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இப்பகுதி மக்களுக்குச் சாலையே கதி. இவ்வழியில் கேரள எல்லைக்குள் கடைசி நிலையம் பாறசாலை. அதனைத் தாண்டினால் குழித்துறை, அது தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. வரைபடத்தில் கோடு விழுந்ததே ஒழிய வாழ்க்கையில் விழவில்லை. பாறசாலையில் பெண் எடுத்துக் களியக்காவிளையில் கொடுக்கும் குடும்பங்கள் இன்றும் உள. கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தில் பாதி தமிழும் பாதி மலையாளமும் வருவதைக் கேட்டு எவரும் வியப்பதில்லை.

வண்டி நேமத்தைக் கடந்ததும் பாலராமபுரம் வரும. இங்குள்ள கைத்தறி நெசவின் வரலாறு நம் வாசகர்க்கு உவப்பளிக்கும். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில் தென் தமிழகத்திலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தியதே இவ்வூர் நெசவுக்குத் தொடக்கம் என்பர். பிழைப்பின் பொருட்டு எல்லை தாண்டி வந்தவர்கள் வந்த ஊருக்கே தம் தொழிலால் பெயர் வாங்கித் தந்திருக்கிறார்கள். நம்மைப் போன்று வந்து குடியேறியவர்களுக்கு இதைவிடச் சிறந்த முன்னோர் யார்?

நெய்யாற்றின்கரை நிலையத்தில் இறங்கினோம். ஊர் நடுவே கிருஷ்ணன் கோயில். அதன் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என வழங்கும் பழம்பெரும் பலாமரத்தின் எச்சத்தைப் பேணி வருகின்றனர். மார்த்தாண்டவர்மா இளவரசராயிருந்த காலத்தில், பகைவர் துரத்த, இம்மரத்தின் பொந்திலே ஒளிந்து உயிர் தப்பினார் என்பது செவிவழிக் கதை. ஊரிலிருந்து ஆற்றோடு சற்றுத் தூரம் சென்றால் அருவிப்புறம். 1888-ஆம் ஆண்டில் ஸ்ரீ நாராயண குரு அவ்வாற்றங்கரையிலேதான் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தார். சாதி வேற்றுமையும் மதப் பகைமையுமின்றி எல்லோரும் உடன்பிறப்புகளாய் வாழும் இடம் இது என்னும் கருத்தை அங்கே எழுதி வைத்தார். கோயிலுக்குள் புக முடியாதிருந்த மக்களுக்கு ஆற்றங்கரையே கோயிலாயிற்று. ஒரு கரை எல்லோர்க்கும் உரியதாவது எவ்வளவு பெரிய செய்தி என்பதை அந்த இடம் சொல்லாமற் சொல்கின்றது.

காயலில்

நெய்யாற்றின்கரையிலிருந்து பேருந்தில் பூவாறு சென்றோம். அகத்தியமலையில் தோன்றி வரும் நெய்யாறு இங்கே அகன்று காயலாகிக் கடலை நோக்கி நிற்கின்றது. படகுத்துறையில் பேரம் இல்லாமல் எதுவும் நடவாது. முதலில் சொன்ன தொகை எங்கள் மூன்று வீடுகளின் ஒரு வாரக் காய்கறிச் செலவுக்கு மேலிருந்தது. வேறு இரண்டு துறைகளில் விசாரித்த பின் ஏறக்குறையப் பாதிக்கு ஒரு படகு அமைந்தது.

இருபுறமும் தென்னை. நீருக்குள் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்கள். கண்டல் என்பது பழந்தமிழ்ச் சொல். நம் நகரங்களில் அச்சொல் ஏட்டில் நிற்க, இங்கே மலையாளப் படகோட்டியின் வாயில் அது அன்றாடம் புழங்குகின்றது. வேர்களிடையே மீன்குஞ்சுகள் வளரும்; கரை மண் அரிபடாமல் நிற்கும். கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் குழந்தைகளைப் பேசாதிருக்கச் செய்தன. அதுவே பெரிய அதிசயம்!

அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயும் இப்பக்கத்தில் உள்ளது. திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு நீர்வழியால் இணைக்க எண்ணி 1860-ஆம் ஆண்டில் தொடங்கிய பணி அது. பத்மநாபசுவாமி, விக்டோரியா மகாராணி, மன்னர் மார்த்தாண்டவர்மா ஆகிய மூவர் பெயரும் சேர்ந்த அக்கால்வாய் கன்னியாகுமரியை எட்டவேயில்லை. இப்போது பல இடங்களில் தூர்ந்து கிடக்கின்றது. பெயர் நீளமாயிருந்தும் கால்வாய் நீளவில்லை என்று எங்களுள் ஒருவர் கூறக் கேட்டுப் படகோட்டியும் நகைத்தார்.

யானைப் பாறையையும், கடல் முகத்தில் பாறைமேல் நிற்கும் மாதா சிலையையும் கடந்து மணல் திட்டை அடைந்தோம்.

குடில்

நீரின்மேல் மிதக்கும் குடில்களும் உணவகங்களும் பூவாற்றில் உள. அவற்றுட் சில இரவு தங்கும் விடுதிகளைச் சேர்ந்தவை. அவற்றின் வாடகை நம் போன்றோர்க்கு எட்டாது. கரையோரத்தில் ஓலை வேய்ந்த குடில் ஒன்றை மூன்று மணி நேரத்துக்கு எடுத்தோம். நான்கு நாற்காலி, ஒரு கட்டில், மண்பானைத் தண்ணீர், பின்புறம் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும்.

இது வீண் செலவா? அன்று என்று உறுதியாகச் சொல்வோம். எங்களுடன் வந்த மூதாட்டியார் எழுபதைக் கடந்தவர். நண்பகல் வெயிலில் மணலில் அமர அவரால் இயலாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உடை மாற்ற மறைவிடம் இல்லையேல் கடற்கரைப் பயணம் ஆண்களின் பயணமாகவே முடியும். முதியவரும் பெண்களும் கடற்கரையில் அச்சமும் கூச்சமுமின்றி இருப்பதற்கு அந்த வாடகை தகும்.

மணல் திட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு கடலிற் புகும் வாயைப் ‘பொழி’ என்கிறார்கள். கோடையில் ஆற்று நீர் குறையும்போது அலைகள் மணலைக் குவித்து அவ்வாயை அடைத்துவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும்போது ஆறே மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாயும். உடையாவிடின் தாழ்ந்த பகுதி வீடுகளில் நீர் புகும் என்பதால் மனிதரே வெட்டித் திறந்துவிடுவதும் உண்டு. “இந்த மணலு இன்னைக்கு இங்க இருக்குது அண்ணாச்சி, மழை வந்தா எங்க போவுமுன்னு மாதாவுக்குத்தான் தெரியும்” என்றார் படகோட்டி. கரை செங்குத்தாய் இறங்குவதாலும், திரும்பும் அலை காலை வாரி இழுப்பதாலும் இங்கே கடலில் இறங்கிக் குளிப்பது உயிருக்கு ஆபத்து. அழகைக் கண்டு அறிவை விட்டுவிடலாகாது.

கயிறு

எங்கள் குடிலுக்கு முன்னே கடல்வரை மணலில் முளைகள் அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். சற்று நேரத்தில் மீனவப் பெண்மணி ஒருவர் அம்மணலில் நெத்திலி உலர்த்தப் பாய் விரித்தார். குடிலின் காவலாளி விரைந்து வந்து, வாடகைக்கு வந்தவர்களுக்கு நாற்றம் ஆகாது என்றும் அப்பால் போகுமாறும் கூறினார். அப்பெண்மணி கோபிக்கவில்லை. “குடிலு உங்களுக்கு. கடலுக்கு யாரு பட்டா குடுத்தா?” என்று தமிழா மலையாளமா என்று பிரித்தறிய முடியாத மொழியில் கேட்டுவிட்டு நின்றார்.

காவலாளி எங்கள் முகத்தைப் பார்த்தார். எங்கள் பெயரைச் சொல்லித்தானே அவ்வம்மையாரை விரட்டினார்? எங்கள் மூதாட்டியாரே விடை சொன்னார்: “நாங்க நெழலுக்குத்தான் காசு குடுத்தோம். கயித்த அவுத்துடுப்பா.” கயிறு அவிழ்ந்தது. நெத்திலி உலர்ந்தது. நாற்றம் இருந்தது உண்மை. அது கடற்கரையின் மணந்தான்.

பிற்பகலில் சற்றுத் தள்ளிக் கரமடி இழுத்தார்கள். வலையின் ஒரு தலைக் கயிற்றைக் கரையிலிருத்தி, வள்ளத்தில் வலையைக் கடலுக்குள் வளைத்து விட்டு, மறுதலையையும் கரைக்குக் கொணர்ந்து, இருபுறமும் ஆட்கள் நின்று பாட்டோடு இழுப்பது அம்முறை. இதற்கு நீண்ட வெறுங்கரை வேண்டும். குடில்கள் வரிசையாய் நின்று கயிறுகள் கட்டப்பட்டால் கரமடி இழுக்கும் இடம் எங்கே?

இக்கரையின் மக்களை நாடு அறியும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், பூவாறு, பொழியூர் முதல் எல்லைக்கு அப்பாலுள்ள நீரோடி, தூத்தூர் வரையில் பல வீடுகளில் விளக்கை அணைத்தது. அடுத்த ஆண்டே, 2018 ஆகஸ்டில், கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, திருவனந்தபுரம் மாவட்டத்து மீனவர்கள் தம் படகுகளை லாரியிலேற்றிச் சென்று முன்பின் அறியாத மக்களைக் காப்பாற்றினார்கள். அவர்கள் பாய் விரிக்கும் மணலிலிருந்து அவர்களை எழுப்புவது நமக்கு அழகன்று.

சட்டம் சொல்வது

சட்டமும் அப்பெண்மணியின் பக்கமே நிற்கின்றது. கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு ஆகியவற்றை அரசு மக்களுக்காகக் காக்கும் அறங்காவலரே என்னும் கோட்பாட்டை, எம். சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. கடல் ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையில் கட்டடங்களை ஒழுங்குபடுத்தும் அறிவிக்கை 1991-இல் வந்தது. 2019-இல் வந்த புதிய அறிவிக்கை, குடில், கழிப்பறை, உடை மாற்றும் அறை முதலிய தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கு இடந்தருகின்றது. ஆனால் அவை ஏற்றக் கோட்டிலிருந்து 10 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். கோவாவில் அரசு உரிமத்தோடு பருவந்தோறும் குடில்கள் எழுந்து, மழைக்கு முன் பிரிக்கப்படுகின்றன. வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்துத் தீவில் விதி மீறி எழுந்த விடுதியை இடிக்க 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகவே குடில் தனியாருடையதாயிருக்கலாம். அதன் முன்னுள்ள அலையும் ஈர மணலும் பொதுவுடைமை.

செல்வோர்க்குச் சில சொற்கள்

காலையிலேயே செல்லுங்கள். படகு வாடகை ஆளுக்கா, படகுக்கா, எத்தனை மணிக்கு என்பதை ஏறுமுன் பேசி முடியுங்கள். ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை உண்டா என்று பாருங்கள், இல்லையேல் ஏறாதீர்கள். குடில் வாடகையில் உணவு சேருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுச்சோறு கொண்டு செல்வோர் இலையையும் தாளையும் திரும்பக் கொண்டு வருக. நெத்திலி விற்பாரைக் கண்டால் சிறிது வாங்குக.

இவற்றினும் முக்கியமானது ஒன்று. நாமும் பிற மண்ணில் வந்து இடம் பெற்று வாழ்பவர்கள். நம்மை ஏற்றுக்கொண்ட மண்ணின் மக்களுடைய இடத்தை, சில மணி நேர வாடகையின் பேரால் கூட, நாம் சுருக்கலாகாது. நிழலை வாடகைக்குப் பெறுவோம். கரையை அனைவரோடும் பகிர்ந்துகொள்வோம். கோடை விடுமுறைக்குப் பூவாறு செல்லும் அன்பர்கள் தங்கள் குழந்தைகளுக்குக் கடலைக் காட்டும்போது, கடலில் உழைப்பவரையும் காட்டி வருவார்களாக.