அன்னையும் காணி உறுதியும்

இயற்கையைத் தாயென்று போற்றுவது நம் மக்களின் பழைய வழக்கம். நிலத்தைப் பூமித்தாய் என்கிறோம். சிங்கள மக்கள் அவளையே மிஹிகத என்கின்றனர். நம் மாரியம்மனின் பெயரிலுள்ள மாரி என்ற சொல்லுக்கே மழை என்பது பொருள். இவ்வழக்கிலே உழுதுண்டு வாழ்ந்த மனிதனின் நன்றியுணர்வு இருக்கிறது. ஆனால், அந்தத் தாயின் பெயரால் எவருடைய குற்றம் மறைக்கப்படுகிறது என்றும் நாம் கேட்டாக வேண்டும்.

மாத்தளைக்கு வடக்கே, தம்புள்ளை செல்லும் வழியிலுள்ள நாலந்தா இக்கேள்வியை எழுப்பும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து நடந்த வடபாதை இவ்வழியே சென்றது. பசியும் வாந்திபேதியும் அம்மையும் அவர்களை வழிநெடுக வீழ்த்தின. அம்மை கண்டால் ‘ஆத்தா வந்திருக்கிறாள்’ என்பது நம் கிராமத்து வழக்கு. நல்ல நீரும் தங்கக் கூரையும் மருந்தும் கிடைத்திருப்பின் அந்த ஆத்தாவின் சினம் எவ்வளவோ தணிந்திருக்கும்! அவற்றைத் தராதவர்கள் தோட்டத் துரைமாரும் அவர்களுக்குத் துணைநின்ற ஆட்சியாளருமே.

அதற்கு வழிகோலியது 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம். உரிமை நாட்டப்படாத காடும் தரிசும் பிரித்தானிய முடிக்கே சொந்தம் என்றது அது. அன்று தாய் சொத்தானாள், விலைக்கும் விற்கப்பட்டாள். சிங்களக் குடியானவன் தன் காட்டை இழந்தான். தமிழ்த் தொழிலாளி அக்காட்டை வெட்டித் தோட்டமாக்கினான். இருவரும் அவளை வணங்கினர். உறுதியோ மூன்றாமவன் கையில் இருந்தது.

நாலந்தாவிலே பல்லவர் பாணியை நினைவூட்டும் கெடிகே என்னும் பழைய கற்கோயில் உண்டு. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் அதை மூழ்கடிக்கவிருந்த வேளையில், 1970களில் அதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்துப் பின்னர் மேட்டிலே மீண்டும் எழுப்பினார்கள். போற்றத்தக்க பணி அது. மனிதர் மனம் வைத்தால் பெருகிவரும் வெள்ளத்திலிருந்தும் காப்பாற்றலாம் என்பதற்கு அக்கோயிலே சாட்சி. வடபாதையில் மாண்டவர்களைக் காக்க அன்று எவரும் அவ்வாறு மனம் வைக்கவில்லை. அவர்களுள் மிகப் பலரின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது.

2023இல், தம் முன்னோர் வந்த வழியை நினைவுகூர்ந்து மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். காணியுரிமையும் வீட்டுரிமையும் அவர்களுடைய கோரிக்கைகளுள் முக்கியமானவை. இருநூறு ஆண்டுகள் உழைத்த பின்னரும் அவர்களிற் பெரும்பாலோருக்குச் சொந்தக் காணி இல்லை.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! பூமித்தாய் என்று வகுப்பறையில் நாம் கற்பிக்கும்பொழுது, அவள் மடியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் சேர்த்தே கற்பிப்போம்.